அருவிக்குப் போகும் முன்: “திரும்பலாம்” என்று சொல்லப்போவது யார்?

பள்ளி விடுமுறை நெருங்கினால் குடும்பப் புலனக் குழுக்களில் ஒரு கேள்வி தவறாமல் எழும்: “இந்த முறை எங்கே குளிக்கப் போகலாம்?” சிலாங்கூரில் இருப்பவர்கள் சொல்லும் பெயர்களில் ஒன்று சிலிங் நீர்வீழ்ச்சி. கோல குபு பாருவிலிருந்து பிரேசர் மலைக்குப் போகும் சாலையோரம் வாகனத்தை நிறுத்திவிட்டு, காட்டுப் பாதையில் நடந்து சென்றால் பாறைச் சுவர்களுக்கு நடுவே அருவி கொட்டும். கெலா மீன்கள் பாதுகாக்கப்படும் ஆறு அது.

எத்தனை வாகனம், யார் வீட்டில் சமையல், எத்தனை மணிக்குப் புறப்பாடு என்பதெல்லாம் ஒரே இரவில் முடிவாகிவிடும். மழை வந்தால் என்ன செய்வது என்பதை மட்டும் “அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம்” என்று விட்டுவிடுகிறார்கள். சிலிங் போன்ற இடத்தில் அது காலம் கடந்த முடிவு.

காரணம், அருவியை அடைய அதே ஆற்றைப் பல முறை குறுக்கே கடக்க வேண்டும். போகும்போது முழங்கால் அளவு இருந்த நீர், திரும்பும்போது மார்பளவுக்கு ஏறியிருக்கலாம். இருபுறமும் சரிவு. வாகனம் அக்கரையில், குழந்தைகளோடு குடும்பம் இக்கரையில். அந்த நேரத்தில் கயிற்றைப் பிடித்துக் கடந்துவிடலாம் என்று இறங்குவதுதான் பெரிய ஆபத்து.

‘கெப்பாலா ஆயர்’ எனப்படும் திடீர் நீர்ப்பெருக்கு, குளிப்பவர்களின் தலைக்கு மேல் பெய்யும் மழையால்தான் வரவேண்டும் என்பதில்லை. மலை உச்சியில் கொட்டிய மழை குறுகிய பள்ளத்தாக்கில் ஒன்றுசேர்ந்து, மரக்கட்டைகளையும் சேற்றையும் தள்ளிக்கொண்டு சில நிமிடங்களில் கீழே வந்துவிடும். கீழே வெயில் அடித்துக்கொண்டிருக்கும்.

2021 ஆகஸ்ட் 18 அன்று கெடாவின் ஜெராய் மலையில் பெய்த கனமழை, யான் வட்டாரத்தில் இப்படித்தான் உயிர்களைப் பறித்தது. அடுத்த ஆண்டு டிசம்பர் 16 அதிகாலையில் பத்தாங் காலி முகாம் தளத்தில் ஏற்பட்ட நிலச்சரிவில் 31 பேர் மாண்டனர். அது ஆற்று விபத்து அல்ல. ஆனாலும் பாடம் ஒன்றுதான். மேலே என்ன நடக்கிறது என்பது கீழே உள்ளவர்களுக்குத் தெரியவில்லை. அந்த இடம் முகாம் நடத்த உரிமம் பெறாதது என்பதும் பிறகே பலருக்குத் தெரியவந்தது.

அச்சம்பவத்தையடுத்து ஆற்றோர, மலையோர முகாம்களைத் தற்காலிகமாக மூட அரசாங்கம் உத்தரவிட்டது. இப்படி மூடுவதும் திறப்பதும் அதிகாரிகளின் கையில் உள்ளது. குறிப்பிட்ட நாளில், குறிப்பிட்ட மணியில் திரும்புவதா வேண்டாமா என்பது செல்பவர்களின் கையில் உள்ளது. சிக்கலும் அங்கேதான். வேனுக்கு முன்பணம் கட்டியாகிவிட்டது. தொழிற்சாலையில் ஷிப்ட் மாற்றி விடுப்பு எடுத்தாகிவிட்டது. “இவ்வளவு தூரம் வந்துவிட்டோமே” என்று பெரியவர் ஒருவர் சொன்னால், இளையவர்கள் மறுத்துப் பேசத் தயங்குகிறார்கள். கோயில் இளைஞர் குழு, பள்ளி நண்பர்கள் பயணம் என்றால் கூட்டம் இன்னும் பெரிது. பொறுப்பு யாருடையது என்பது இன்னும் மங்கல்.

தோட்டத்து ஆற்றில் குளித்து வளர்ந்தவர்களுக்கு நீரின் நிறம் பார்க்கத் தெரியும். அடுக்குமாடி வீட்டில் வளரும் பிள்ளைகளுக்கு அதை யாராவது சொல்லித்தர வேண்டும். தெளிந்த நீர் கலங்கினால், இலைகளும் சுள்ளிகளும் மிதந்து வந்தால், மேலிருந்து இரைச்சல் கேட்டால், நீர்மட்டம் சட்டென மாறினால், பையையும் செருப்பையும் தேடாமல் உடனே மேட்டுக்கு ஏற வேண்டும். அக்கரையில் சிக்கினால் நீர் வடியும்வரை உயரமான இடத்தில் காத்திருப்பதே மேல். உதவிக்கு 999. காட்டுக்குள் தொலைபேசி அலைவரிசை கிடைக்கும் என்று நம்ப முடியாது. எங்கே போகிறோம், எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்பதை வீட்டில் ஒருவரிடம் சொல்லிவிட்டே புறப்பட வேண்டும்.

மேற்குக் கரையில் பருவமழை மாறும் மாதங்களில் இடியுடன் கூடிய மழை பெரும்பாலும் பிற்பகலில்தான் பிடிக்கும். ஆகவே விடியற்காலையில் கிளம்பி, நண்பகலுக்குள் ஆற்றை விட்டு வெளியேறுவது நல்லது. இடம் திறந்திருக்கிறதா, அனுமதிச் சீட்டு தேவையா என்பதை முன்கூட்டியே வனத்துறையிடமும் மீன்வளத் துறையிடமும் கேட்க வேண்டும். அடைக்கப்பட்ட காட்டுக்குள் அனுமதியின்றி நுழைவது சட்டப்படி குற்றம். முதல்நாள் இரவும் புறப்படும் காலையிலும் மலேசிய வானிலை ஆய்வுத் துறையின் எச்சரிக்கையைப் பார்க்க வேண்டும்.

இவற்றோடு இன்னும் ஒன்று: புறப்படும் முன்பே ஒருவரைப் பெயர் சொல்லிப் பொறுப்பாக்க வேண்டும். அவர் “திரும்பலாம்” என்றால் வயது பார்க்காமல் எல்லாரும் திரும்ப வேண்டும். மழை என்றால் போக வேறோர் இடத்தையும் அப்போதே பேசி வைத்துக்கொண்டால், வேன் பணமும் வீணாகாது, சமைத்த சோறும் வீணாகாது.

சிலிங் போகிறவர்கள் கடந்து செல்லும் கோல குபு பாருவின் பெயரிலேயே ஓர் எச்சரிக்கை இருக்கிறது. பழைய ஊர் வெள்ளத்தில் மீண்டும் மீண்டும் மூழ்கியதால்தான் வேறிடத்தில் ‘பாரு’, அதாவது புதிய ஊர், எழுந்தது. ஆற்றுக்கு அஞ்சி ஓர் ஊரே இடம் பெயர்ந்திருக்கிறது. ஒரு குடும்பம் ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பயணத்தைத் தள்ளிப்போடுவதில் வெட்கம் ஏதுமில்லை.