'இத்தனை நிமிஷத்துல ஃபுல் சார்ஜ்': விளம்பரம் சொல்லாத இன்னொரு கணக்கு

புது போனோ, எலெக்ட்ரிக் காரோ, விளம்பரத்தில் பெரிய எழுத்தில் இருப்பது நிமிடக் கணக்குதான். அந்த வேகத்துக்காக எதை விட்டுக்கொடுக்கிறோம்? அதையும் கேட்டாக வேண்டும்.

வேகமாக ஏற்றினால் என்ன சிக்கல்?

சார்ஜ் போடும்போது லித்தியம் அயனிகள் கேத்தோடிலிருந்து ஆனோடுக்குப் போகின்றன. பெரும்பாலான பேட்டரிகளில் ஆனோடு என்பது கிராஃபைட். அதன் கார்பன் அடுக்குகளுக்குள் அயனிகள் நுழைந்து உட்கார நேரம் வேண்டும். அவசரப்படுத்தினால், உள்ளே போக முடியாத லித்தியம் வெளியிலேயே உலோகமாகப் படிந்துவிடும். பேட்டரியின் ஆயுள் குறையும். அந்தப் படிவு ஊசி மாதிரி வளர்ந்து மறுமுனையைத் தொட்டால் ஷார்ட் சர்க்யூட், தீ விபத்து வரை போகலாம்.

நானோ எப்படி உதவுகிறது?

துகள் சிறிதானால் அயனி கடக்கும் தூரமும் குறையும். தூரம் 10 மடங்கு குறைந்தால், துகளுக்குள் பரவும் நேரம் சுமார் 100 மடங்கு குறையும். ஆனால், மொத்த மேற்பரப்பு கூடுவதால் வேண்டாத வேதிவினைகளும் கூடும். எனவே, பொடியாக்கினால் மட்டும் போதாது. பொருளையும் மாற்ற வேண்டும்.

ஜப்பானின் தோஷிபா நிறுவனம் லித்தியம் டைட்டனேட்டைத் தேர்ந்தெடுத்தது. இதில் லித்தியம் உலோகமாகப் படியும் ஆபத்து மிகக் குறைவு. சார்ஜ் ஏறி இறங்கும்போது பொருள் வீங்குவதும் இல்லை என்றே சொல்லலாம். அதனால் ஆயிரக்கணக்கான முறை தாங்கும். ஜப்பானின் என்700எஸ் புல்லட் ரயிலில், மின்சாரம் தடைபட்டால் கைகொடுப்பது இந்த வகை பேட்டரிதான்.

அப்போ போனில் ஏன் இல்லை?

ஒரு கிராம் கிராஃபைட் கொள்கை அளவில் 372 மில்லி ஆம்பியர் மணி சேமிக்கும், டைட்டனேட் 175தான். வோல்டேஜும் குறைவு. அதாவது, அதே அளவு மின்சாரத்துக்குப் பெரிய, கனமான பேட்டரி தேவை.

நானோதான் ஒரே வழி என்பதும் இல்லை. நயோபியம் டங்ஸ்டன் ஆக்சைடில், மைக்ரோமீட்டர் அளவுத் துகள்களிலேயே அயனிகள் வேகமாக ஓடுவதை 2018-இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் காட்டினார்கள். அதன் படிக அமைப்பிலேயே அகலமான பாதைகள் இருக்கின்றன.

ஆக, வேகம், கொள்ளளவு, ஆயுள் மூன்றும் ஒரே தராசில்தான். 'எத்தனை நிமிஷம்?' என்பதற்குப் பக்கத்திலேயே, 'அதே வேகத்தில் 500 முறை சார்ஜ் போட்ட பிறகு எவ்வளவு மிஞ்சும்?' என்பதையும் நிறுவனங்கள் அச்சிட வேண்டும். காசு கொடுக்கும் நமக்கு இரண்டு எண்ணுமே தெரிய வேண்டாமா?