எடைக்கு விற்கப்படும் டிராக்டர்கள்

பாறசாலை, நெய்யாற்றின்கரை எல்லையூர்களில் பழைய டிராக்டரை விற்க எண்ணுவோர் முதலில் அழைப்பது ஆக்கிரிக்காரரையே. (சென்னையார் காயலான்கடை என்பதை நாம் ஆக்கிரிக்கடை என்கிறோம்.) அவர் கிலோவுக்கு ஒரு விலை சொல்லி, வண்டியை அறுத்து ஏற்றிச் செல்கிறார். இது பிழையான வழக்கம் என்பேன். ஒன்றரை டன் இரும்பின் விலை அவ்வண்டிக்குரிய அடிமட்ட விலை மட்டுமே.

முதலில் தகட்டைத் துடைத்து மாடல், சேசிஸ் எண், எஞ்சின் எண் ஆகியவற்றைக் குறித்துக்கொள்ள வேண்டும். மகிந்திராவும் வோல்டாசும் அமெரிக்க இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டருடன் 1963இல் தொடங்கிய நிறுவனத்தின் பி-275 அது எனில், பழம்பொருள் திரட்டுவோர் விரும்பிக் கேட்பர். செக்கோஸ்லோவாக்கியத் தொழில்நுட்பத்தில் 1971 முதல் பிஞ்சோரில் உருவான எச்.எம்.டி. செட்டர் எனில் கணக்கு வேறு. அந்த டிராக்டர் பிரிவை மூட மத்திய அரசு 2016இல் முடிவெடுத்தது. ஆகவே ஓடாத வண்டியின் கியர் பெட்டிக்கும் ஹைட்ராலிக் பாகங்களுக்கும், இன்னும் அதே மாடலை ஓட்டுவோரிடம் தேவை உண்டு. விற்குமுன் புதுச் சாயம் பூச வேண்டாம். மங்கிய பழைய சாயத்தையே அறிந்தவர் விரும்புவர். கே.எல்.டி. எனத் தொடங்கும் பதிவெண் 1989க்கு முந்தைய திருவனந்தபுரப் பதிவைக் காட்டும். அந்தப் பதிவுப் புத்தகத்தைத் தொலைத்துவிடாதீர்.

அரசின் பங்கையும் சொல்ல வேண்டும். ஐம்பது ஆண்டு கடந்த வாகனங்களுக்குப் பாரம்பரியப் பதிவு அளிக்கும் மத்திய விதி 2021இல் வந்தது. அது இருசக்கர வாகனங்களையும் கார்களையும் மட்டுமே கருதுகிறது. சமீந்தார் வீட்டுக் கார் பாரம்பரியமாகலாம். நெல்வயலை உழுத டிராக்டருக்கு அப்படியொரு பெயரில்லை. வயல்கள் வாழைக்கும் மரச்சீனிக்கும் வீட்டுமனைக்கும் மாறிவிட்ட நம் பகுதியில், உழவு நடந்ததற்குச் சான்றாக எஞ்சியிருக்கும் சில பொருள்களுள் இதுவும் ஒன்று. இவ்விதியை விரிவாக்கக் கேரளமும் தமிழ்நாடும் சேர்ந்து கேட்க வேண்டும்.

ஓடும் நிலையிலுள்ள வண்டிக்கு வாங்குவோர் பெரும்பாலும் களியக்காவிளைக்கு அப்பால், நாஞ்சில் நாட்டிலும் திருநெல்வேலியிலும் இருக்கின்றனர். சில கிலோமீட்டர் தொலைவுதான்; ஆனால் மாநிலம் மாறுகிறது. 1956 நவம்பர் 1 அன்று விளவங்கோடு சென்னை மாநிலத்துக்கும் நெய்யாற்றின்கரை கேரளத்துக்கும் ஆனதன் விளைவு, இன்று 28ஆம் படிவமாக நம் கையில் இருக்கிறது. அத்தடையின்மைச் சான்றும், பெயர்மாற்றத்துக்குரிய 29, 30ஆம் படிவங்களும் இல்லாமல், ‘அண்ணே, நமக்குள்ள என்ன பேப்பர்?’ என்று சாவியைக் கொடுத்துவிடுவோர் பலர். பதிவேட்டில் பெயருள்ளவரே உரிமையாளர், விபத்து இழப்பீட்டுக்கும் அவரே பொறுப்பு என்று உச்சநீதிமன்றம் 2018இல் தீர்ப்பளித்துள்ளது. விற்ற வண்டி ஆரல்வாய்மொழியில் யார்மீதேனும் மோதினால், அறிவிப்பு பாறசாலை முகவரிக்கே வரும்.