கதவு யாருடையது?

அமெரிக்காக்காரனுக்கு நம்ம நாட்டுத் தோட்டத்தில் என்ன அதிகாரம் என்று சில கிராணிமார் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். அனைத்துலகச் சட்டப்படி, ஒரு நாட்டு அதிகாரி இன்னொரு நாட்டு மண்ணில், அந்நாட்டின் சம்மதமில்லாமல், யாரையும் கைது செய்ய முடியாது. ஆனால் தன் வீட்டுக் கதவை யாருக்குத் திறப்பது, யாருக்குச் சாத்துவது என்பது அவரவர் உரிமை.

அமெரிக்கா செய்ததும் அதுதான். கட்டாய உழைப்பில் உண்டான சரக்கை உள்ளே விடக்கூடாது என்று அங்கே 1930-லேயே சட்டம் உண்டு. அதை வைத்து 2020 செப்டம்பரில் எஃப்ஜிவி எண்ணெயையும், டிசம்பரில் சைம் டார்பி பிளாண்டேஷன் எண்ணெயையும் அந்நாட்டுச் சுங்கத்துறை துறைமுகத்தில் தடுத்தது. தொழிலாளியின் கடப்பிதழை வாங்கி வைத்துக்கொண்டார்கள், மிரட்டினார்கள், ஏமாற்றினார்கள் என்பது குற்றச்சாட்டு.

அப்புறம் என்ன நடந்தது? வெளிநாட்டுத் தொழிலாளர்கள் ஏஜெண்டுக்கு அழுத பணத்தைத் திருப்பிக் கொடுக்க, சைம் டார்பி 80 மில்லியன் வெள்ளிக்கு மேல் ஒதுக்கியது. 2023 பிப்ரவரியில் அதன் மீதிருந்த தடை நீங்கியது.

அடுத்தவர் கடப்பிதழை உரிமையில்லாமல் வைத்திருப்பது நம் 1966-ஆம் ஆண்டு கடப்பிதழ்ச் சட்டப்படியே குற்றமாயிற்றே! சட்டம் நம்மிடம் இருந்தது. பயம்தான் கடல் கடந்து வரவேண்டியிருந்தது. கட்டாய உழைப்பைக் குற்றமாக்கும் பிரிவு நம் வேலைச் சட்டத்தில் 2023-இல்தான் நுழைந்தது.

கதவைச் சாத்தும் வித்தை நமக்குப் புதுசல்ல. 1938-இல் ரப்பர் விலை விழுந்ததென்று துரைமார் நம் பாட்டன்மாரின் கூலியை வெட்டினார்கள். இந்திய அரசாங்கம் மலாயாத் தோட்டத்துக்குள் வந்து கூலி நிர்ணயிக்க முடியுமா? முடியாது. ஆனால் உதவிப் பயணத்தில் தன் கரையிலிருந்து ஆள் ஏற்றுவதை அந்த ஜூன் மாதமே நிறுத்தியது.

அதற்காக, வாங்குகிறவன் கதவை நம்பி நாம் உட்கார்ந்துவிட முடியாது, தோழர்களே. அவன் சட்டம் அவன் கரைக்கு வரும் சரக்கை மட்டும்தான் பார்க்கும். இந்தியாவுக்குப் போகும் எண்ணெயை அது தொடாது. அந்த எண்ணெய்க்குக் குலை வெட்டுகிறவனும் தொழிலாளிதானே?

பக்கத்து லயத்து வங்காளதேசித் தம்பியிடம், நேப்பாளித் தம்பியிடம் கடப்பிதழ் கையில் இருக்கிறதா என்று கேளுங்கள். ஆபீஸ் பெட்டியில் பூட்டிக் கிடக்கிறது என்றால் சங்கத்துக்கும் தொழிலாளர் இலாகாவுக்கும் தகவல் கொடுங்கள். வெளிநாட்டவர் சங்கத்தில் உறுப்பினராகச் சேரச் சட்டத்தில் இடமுண்டு. அவர்களையும் கூட்டத்துக்கு அழைத்து வாருங்கள்.