ஒப்பமிடுவது யந்திரமன்று!

யந்திரம் எழுதும், யந்திரம் மொழிபெயர்க்கும், பொறுப்பையும் யந்திரமே ஏற்கும், இனி எழுதுவினைஞனுக்கு ஏன் சம்பளம்? செயற்கை நுண்ணறிவு என்னும் புதுமையிற் சொக்கிய கனவான்கள் சிலர் நம் தீவகத்துச் சங்கங்களுக்கும் கடைக்காரருக்கும் இவ்வாறு போதிக்கின்றனர். முதலிரு கூற்றுகளிலும் ஓரளவு உண்மையுண்டு. மூன்றாவது முழுப் பொய்!

கனடாவில் நடந்ததைக் கேளுங்கள். பாட்டியை இழந்த பயணி ஒருவர், ஏயார் கனடா விமான நிறுவனத்தின் இணையத்தளத்தில் விடைகூறும் யந்திரத்திடம் துக்கப் பயணத்துக்குரிய கட்டணச் சலுகை பற்றி வினவினார். சீட்டு வாங்கிய பின்னும் 90 நாட்களுக்குள் விண்ணப்பிக்கலாம் என்றது யந்திரம். நிறுவனம் மறுத்தது. அவ்யந்திரம் தன் செயலுக்குத் தானே பொறுப்பான தனி ஆள் என்றுகூட வாதாடியது! 2024 பெப்ரவரியில் பிரித்தானிய கொலம்பியாத் தீர்ப்பாயம் அவ்வாதத்தைத் தள்ளி, நட்டஈடும் வட்டியும் செலவுமாக 812 டொலர் செலுத்தப் பணித்தது.

எம் தொழிலினரும் தப்பவில்லை. 2023இல் நியூயோர்க்கில், சாட் ஜிபிடி கற்பனை செய்த தீர்ப்புகளை மெய்யென மன்றிற் சமர்ப்பித்த சட்டத்தரணிகள் 5,000 டொலர் தண்டத்துக்குள்ளாயினர். என்னே வெட்கக்கேடு!

யந்திரத்துக்கு வஞ்சகம் தெரியாது. தான் கற்ற கோடானுகோடி வசனங்களைக் கொண்டு, அடுத்து எச்சொல் வரத்தக்கது என ஊகித்துக் கோக்கிறது, அவ்வளவே. அது ஆங்கிலத்திற் கற்றது மலை. தமிழிற் கற்றது மடு. நெடுந்தீவைப் பற்றி இணையத்தில் எழுதப்பட்டது எத்துணை? இன்று காலை குறிகட்டுவானில் நண்டு என்ன விலை போயிற்று என்பதை அது எங்ஙனம் அறியும்? அறியாததையும் தயங்காது சொல்லுமே, அதுவன்றோ ஆபத்து! தென்னிலங்கை எங்கணும் கடை நடத்திய புங்குடுதீவு வணிகர், ஆளறியாமற் கடன் கொடுத்தாரில்லை. அவர் பேரர்கள் யந்திரத்தின் இனிய நடையைக் கண்டு ஏமாறுகின்றனர்.

கொழும்பு நிறுவனமொன்று கடலட்டை வாங்க ஆங்கிலத்தில் ஒப்பந்தம் அனுப்புகிறது என்று வைத்துக்கொள்வோம். ஊர்காவற்றுறைச் சங்கச் செயலாளர் கைத்தொலைபேசியிற் படம் பிடிக்கிறார். நொடிப்பொழுதில் அழகிய தமிழ் வருகிறது. தரம் குறைந்தால் வாங்குவோரே விலையைக் குறைக்கலாம் என்ற வாசகம், இருதரப்பும் பேசி முடிவு செய்யலாம் எனத் திரிந்திருந்தால் என் செய்வார்? ஒப்பமிட்டவன் கட்டுண்டவன் என்பதே இந்நாட்டில் வழங்கும் ரோமன்-டச்சுச் சட்டத்தின் பொது விதி. யந்திரம் பிழைத்தது என்ற முறைப்பாட்டை எந்த நீதவான் செவிமடுப்பார்?

இன்னொன்றும் உண்டு. 1956இன் சிங்களம் மட்டும் சட்டம் தமிழைத் தள்ளியது; பெரும் போராட்டங்களின் பின் 1987இன் 13ஆவது திருத்தம் தமிழையும் ஆட்சிமொழியாக்கியது. மொழிபெயர்க்கத்தான் யந்திரம் இருக்கிறதே, தமிழில் எழுதுவானேன் என்று கம்பெனிகளும் கந்தோர்களும் நாளை கேட்கும். அதற்கு நாமே கதவு திறப்பதா?

அப்படியாயின் யந்திரத்தைக் கடலில் எறிவதா? அதுவும் பேதைமையே. பனாட்டும் ஒடியலும் கேட்டு எழுதும் புலம்பெயர் வாடிக்கையாளருக்கு மறுமொழி வரைய அது நன்றே உதவும். வேலணை விவசாயியின் விண்ணப்பத்துக்கு முதல் நகல் எழுதித் தரும். ஆனால் அதை வாசித்துத் திருத்த ஊரறிந்த எழுதுவினைஞன் அருகிருக்க வேண்டும்.

சங்கச் செயலாளர்களே, அடுத்த பொதுக்கூட்டத்திலேயே தீர்மானம் நிறைவேற்றுங்கள்: அனுப்புவோரே பொறுப்பேற்ற தமிழ்ப் பிரதி இன்றி எவ்வொப்பந்தத்திலும் ஒப்பமிடோம், யந்திரம் எழுதிய ஒவ்வொரு கடிதத்தையும் வாசித்தவர் பெயர் பதிவேட்டில் ஏறும்.