வகைப்பாடு என்றால் என்னவென்று நமக்குத் தெரியும்

1913இல் அம்பேத்கர் அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்குப் போனது அப்பன் சொத்தில் அல்ல. பரோடா மன்னர் தந்த உதவித்தொகையில். அதே நாட்டில் மேற்படிப்புக்கான காசு யாருக்கு, எவ்வளவு என்கிற சண்டை இன்று நடக்கிறது. 'நமக்கென்ன' என்று நாம் உட்கார்ந்திருக்க முடியாது.

2006 முதல் அங்கே 'கிராட் பிளஸ்' என்ற அரசுக் கடன் இருந்தது. மேற்படிப்பு மாணவர்கள் படிப்பின் முழுச் செலவுக்கும் அதை வாங்கலாம். 2025 ஜூலை 4இல் டிரம்ப் கையெழுத்திட்ட சட்டம் அதற்கு மூடுவிழா நடத்தியது. புதிதாகக் கடன் கேட்பவர்களுக்கு 2026 ஜூலை 1 முதல் அது இல்லை. பதிலுக்கு உச்சவரம்பு வைத்தார்கள். 'தொழில்முறைப் படிப்பு' என்றால் ஆண்டுக்கு 50,000 டாலர், மொத்தம் 2 லட்சம். மற்ற மேற்படிப்பு என்றால் ஆண்டுக்கு 20,500, மொத்தம் 1 லட்சம்.

எது தொழில்முறை? 2025 நவம்பரில் கல்வித்துறை கூட்டிய குழு ஒப்புக்கொண்ட வரைவில் 11 படிப்புகள். மருத்துவம், பல் மருத்துவம், சட்டம் உண்டு, இறையியலும் உண்டு. செவிலியர் மேற்படிப்பு இல்லை. இயன்முறை மருத்துவம், பொதுச் சுகாதாரம், சமூகப்பணி இல்லை. பிரசங்கம் செய்வது தொழில். நோயாளிக்கு மயக்கமருந்து கொடுத்துப் பக்கத்திலேயே நின்று உயிரைக் காக்கிற செவிலியர் செய்வது தொழில் இல்லையாம்! பெரும்பாலும் பெண்கள் செய்கிற வேலைகள்தான் கீழ்ப்படியில் விழுந்திருக்கின்றன.

'இது வெறும் கடன் வகைப்பாடு, யாரையும் தாழ்த்தவில்லை' என்கிறது கல்வித்துறை. வகைப்பாடு என்றால் என்னவென்று நமக்கா பாடம் எடுக்கிறீர்கள்?

கடன் தாராளமாகக் கிடைப்பதால்தான் கல்லூரிகள் கட்டணத்தை ஏற்றுகின்றன என்பது அவர்கள் வாதம். இருக்கட்டும். ஏற்றுகிறவன் நிர்வாகி; கயிறு மட்டும் மாணவி கழுத்துக்கா? கட்டணத்துக்கல்லவா வரம்பு போட்டிருக்க வேண்டும்! பல தனியார் மருத்துவக் கல்லூரிகளில் நாலு வருஷச் செலவு 3 லட்சம் டாலரைத் தாண்டுகிறது. மிச்சத்துக்குத் தனியார் வங்கியிடம் போ என்கிறார்கள். அங்கே போனால் ஜாமீன் கையெழுத்துப் போட வசதியுள்ள ஆள் கேட்பான். 1930களிலிருந்து கறுப்பர் குடியிருப்புகளை வரைபடத்தில் சிவப்புக் கோடு போட்டு ஒதுக்கி, வீட்டுக்கடன் மறுத்த நாடு அது. அந்தத் தாத்தாவின் பேத்தி ஜாமீனுக்கு யாரைக் கூட்டிப்போவாள்?

இது முதல் தடவையும் இல்லை. 1910இல் பிளெக்ஸ்னர் அறிக்கை 'தரம்' என்று சொல்லி வந்தது. அப்போதிருந்த 7 கறுப்பர் மருத்துவக் கல்லூரிகளில் ஹோவர்டும் மெஹாரியும் மட்டும் மிஞ்சின, 5 மூடப்பட்டன. மக்கள்தொகையில் சுமார் 13 சதவீதமுள்ள கறுப்பர்கள் இன்றும் மருத்துவர்களில் அதில் பாதி அளவுகூட இல்லை. அன்றைக்குத் தரம், இன்றைக்கு வரம்பு.

கடனை நாம் கொண்டாடவில்லை. அதுவும் விலங்குதான், வட்டி கட்டியே கிழவியாகிப் போகிறவர்கள் அங்கே உண்டு. கட்டணத்தைக் குறை, உதவித்தொகை கொடு. அதைச் செய்யாமல் கடனை மட்டும் வெட்டுவது, காசுள்ளவன் பிள்ளை மட்டும் மருத்துவனாகட்டும் என்பதுதான். அதற்குச் சிக்கனம் என்று பேர் வைக்காதீர்கள்.