செஸ்ஸில் யார் பெரியவன்?

நம்ம ஹாஸ்டலில் ராத்திரி பத்து மணிக்கு மேல் இரண்டே விஷயத்துக்குத்தான் சண்டை நடக்கும். ஒன்று, என் பக்கெட்டை எவன் எடுத்தான்? இன்னொன்று, உலகத்திலேயே பெரிய செஸ் ஆட்டக்காரன் யார்? முதல் சண்டை வார்டன் வந்தால் தீர்ந்துவிடும். இரண்டாவது மூன்று வருஷமாக இழுத்துக்கொண்டே போகிறது. கோர்ஸ் முடியப் போகிறது, தீர்ப்பு சொல்லாமல் பெட்டியைக் கட்டினால் நன்றாக இருக்காது. அதனால்தான் இந்தக் கட்டுரை.

சண்டையில் மூன்று கட்சிகள். மெக்கானிக்கல் நண்பன் பாபி ஃபிஷர் கட்சி. "1971-ல தைமானோவை ஆறுக்குப் பூஜ்யம். அடுத்து லார்சனை ஆறுக்குப் பூஜ்யம். ரெண்டு பேரும் சாதாரண ஆளா? கிராண்ட் மாஸ்டருங்க! ஒரு டிரா கூட விடலையேடா!" என்று கட்டிலைத் தட்டுவான்.

சிவில் நண்பன் காஸ்பரோவ் கட்சி. "ஒரு வருஷம் ஆடிட்டு ஓடிப்போறதெல்லாம் ஒரு கணக்கா? 1985-ல 22 வயசுல உலக சாம்பியன். 2005-ல ஆட்டத்தை விட்டு விலகுற வரைக்கும் நம்பர் ஒன் நாற்காலி பெரும்பாலும் அவரோடதுதான். அஸ்திவாரம்னா அது!"

கம்ப்யூட்டர் டிபார்ட்மெண்ட் ஜூனியர் ஒருவன் போனைக் கையில் வைத்துக்கொண்டே பேசுவான். "அண்ணே, 2014 மே மாசம் கார்ல்சன் ரேட்டிங் 2882. அதுக்கு மேல யாரும் போனதே இல்ல. காஸ்பரோவ் உச்சம் 2851, ஃபிஷர் உச்சம் 2785. மேட்டர் ஓவர்ணே."

இதற்கு நடுவில் மெஸ் மாஸ்டர் தோசைக் கரண்டியோடு எட்டிப் பார்ப்பார். "ஏம்ப்பா, நம்ம ஆனந்த், குகேஷ் எல்லாம் உங்க கண்ணுக்கே தெரியாதா?"

நான் எலக்ட்ரிகல். எனக்கு எதையும் மீட்டர் வைத்துப் பார்த்தால்தான் திருப்தி. முதலில் ஜூனியர் சொன்ன எண்ணையே எடுத்துக்கொள்வோம். இந்த ரேட்டிங் முறையைக் கண்டுபிடித்தவர் அர்பாத் எலோ. ஹங்கேரியில் பிறந்து அமெரிக்காவில் இயற்பியல் பேராசிரியராக இருந்தவர். உலக செஸ் அமைப்பான ஃபிடே இதை 1970-ல் ஏற்றுக்கொண்டது. இதில் கணக்கு ஒன்றுதான்: இரண்டு பேரின் எண்களுக்கு நடுவே உள்ள வித்தியாசம். வித்தியாசம் இல்லையென்றால் பாதிக்குப் பாதி. 200 புள்ளி வித்தியாசம் இருந்தால், நூறு ஆட்டத்தில் பெரியவருக்குச் சுமார் 76 புள்ளி கிடைக்கும் என்று கணக்கு. நாளைக்கு உலகத்தில் எல்லாருக்கும் சும்மா நூறு புள்ளி கூட்டிக் கொடுத்தாலும் கணக்கில் ஒரு மாற்றமும் வராது!

நமக்கு இது புதுசா என்ன? மின்கம்பியில் காக்கா சும்மா உட்கார்ந்திருக்கிறது, ஷாக் அடிப்பதில்லை. காரணம் என்ன? கம்பியில் எத்தனை வோல்ட் என்பது முக்கியமில்லை, இரண்டு காலுக்கும் நடுவே எத்தனை வோல்ட் வித்தியாசம் என்பதுதான் முக்கியம். வோல்டேஜுக்காவது எர்த் என்று ஒன்று உண்டு, அதை வைத்து அளக்கலாம். எலோ எண்ணுக்கு எர்த் கிடையாது. 1972-ன் 2785-ஐயும் 2014-ன் 2882-ஐயும் பக்கத்தில் வைத்து 'இது பெரிசு' என்று சொல்வது, இணைப்பே இல்லாத இரண்டு சர்க்யூட்டில் மீட்டரின் ஆளுக்கொரு முனையை வைத்துப் படிப்பது மாதிரி.

"இணைப்பே இல்லையா? காஸ்பரோவும் கார்ல்சனும் மோதியிருக்காங்களே!" என்று ஜூனியர் கேட்டான். உண்மைதான். 2004-ல் ரெய்க்யாவிக்கில் ரேபிட் ஆட்டத்தில் மோதினார்கள். ஒரு ஆட்டம் டிரா, அடுத்ததில் காஸ்பரோவ் வென்றார். ஆனால் அன்றைக்கு ஒருவருக்கு வயது 40, இன்னொருவருக்கு 13! அந்தக் கம்பியை நம்பி லோடு கொடுக்க முடியுமா?

வித்தியாசத்தை மட்டும் பார்த்தால் ஃபிஷர் கட்சிக்கு பலம் கூடுகிறது. 1972-ல் அவர் 2785, உலக சாம்பியனாக இருந்த ஸ்பாஸ்கி 2660. இடைவெளி 125. கார்ல்சன் 2882-ல் நின்றபோது இரண்டாம் இடத்துக்கும் அவருக்கும் இருந்த இடைவெளி ஏறக்குறைய அதில் பாதிதான். தன் காலத்து ஆட்களை விட்டு இவ்வளவு தூரம் ஓடிய ஆள் என்று பார்த்தால் ஃபிஷர்தான். ஆனால் ஓடியவர் நின்றுவிட்டார். பட்டம் வாங்கிய பிறகு 1975-ல் கார்போவோடு ஆடாமலே பட்டத்தை விட்டுவிட்டுப் போனார். பாட்டரி ஃபுல் சார்ஜில் இருக்கும்போதே டார்ச்சை அணைத்த கதை.

"அப்போ மெஷினையே எர்த்தா வெச்சு அளந்துடலாம்ணே" என்றான் ஜூனியர். நல்ல யோசனைதான். 1997-ல் டீப் ப்ளூ காஸ்பரோவை மூன்றரைக்கு இரண்டரை என்று வென்றதோடு மனிதனா மெஷினா என்ற சண்டை முடிவுக்கு வர ஆரம்பித்தது. இப்போது நம்ம போனில் இலவசமாக இறக்குகிற புரோகிராமே உலக சாம்பியனைத் தோற்கடித்துவிடும். அதை நடுவராக உட்கார வைத்து, பழைய சாம்பியன்களின் ஒவ்வொரு நகர்த்தலிலும் எவ்வளவு பிழை என்று எண்ணினால்?

2006-லேயே எண்ணிவிட்டார்கள். ஸ்லோவேனியாவைச் சேர்ந்த மதேய் கூயித், இவான் பிராட்கோ என்ற இருவர் 'கிராஃப்டி' என்ற புரோகிராமை வைத்து உலக சாம்பியன்களின் ஆட்டங்களை அளந்தார்கள். சராசரிப் பிழை யாருக்கு மிகக் குறைவு தெரியுமா? காபாபிளாங்காவுக்கு! 1921-ல் சாம்பியனான கியூபாக்காரர். 1916-லிருந்து 1924 வரை ஒரு போட்டி ஆட்டத்தில்கூடத் தோற்காதவர். மூன்று கட்சிக்கும் டெபாசிட் காலி!

ஆனால் இங்கேயும் ஒரு சிக்கல். கிராஃப்டியைவிட இந்தச் சாம்பியன்களில் சிலர் பலசாலிகள் என்று அப்போதே பலர் மறுத்தார்கள். ஸ்கேலால் அளந்துவிட்டு வெர்னியரைக் குறை சொன்ன மாதிரி. மேலும் காபாபிளாங்கா ஆட்டத்தைச் சிக்கலாக்காமல் தெளிவாக ஓட்டுகிறவர். நேர்ரோட்டில் ஓட்டினால் பிழை குறையத்தானே செய்யும்? மிகைல் தால் மாதிரி காட்டுப் பாதையில் புகுந்து, காயை வெட்டுக் கொடுத்துவிட்டு எதிராளியை வியர்க்க வைக்கிறவருக்கு மெஷின் மார்க் குறைக்கத்தான் செய்யும். ஆனால் 1960-ல் அந்த ஆட்டத்தை வைத்துத்தான் அவர் 23 வயதில் பாட்வினிக்கிடமிருந்து பட்டத்தைப் பறித்தார். எதிரே உட்கார்ந்திருந்தது மெஷின் இல்லை, கடிகாரம் ஓடிக்கொண்டிருந்த மனிதன்.

இன்னொன்றும் உண்டு. நம்ம ஒர்க்‌ஷாப்பில் பழைய லேத்தில் கையால் திருகி ஒரு ஜாப் எடுக்கிற சீனியர் டர்னரையும், சிஎன்சி-யில் பட்டனைத் தட்டுகிற நம்மையும் ஒரே மைக்ரோமீட்டரால் அளந்தால் யார் ஜெயிப்போம்? நம்ம ஜாப் துல்லியமாக இருக்கலாம். அதற்காக நாம் அவரைவிடக் கெட்டிக்காரர்கள் என்று சொன்னால் அவர் சிரிப்பார். கார்ல்சன் கையில் கம்ப்யூட்டர் இருந்தது, காபாபிளாங்கா கையில் காபாபிளாங்கா மட்டும்தான் இருந்தார்.

ஆகவே என் தாழ்மையான தீர்ப்பு இது. ஒரு கேள்வி என்று நினைத்து மூன்று கேள்விக்குச் சண்டை போடுகிறோம். தன் காலத்தை விட்டு அதிக தூரம் ஓடியவர் யார்? ஃபிஷர். சிகரத்தில் நெடுங்காலம் நின்றவர் யார்? காஸ்பரோவ். ஆடிய ஆட்டத்தின் தரம் மட்டும் என்றால்? கார்ல்சன். 2011 ஜூலையில் பிடித்த முதலிடத்தைப் பதினான்கு வருஷத்துக்குமேல் விடாதவர்.

மெஸ் மாஸ்டர் கோபிக்கக் கூடாது. 2024 டிசம்பரில் சிங்கப்பூரில் டிங் லிரெனை வென்று 18 வயதில் குகேஷ் சாம்பியனானபோது நானும் வராண்டாவில் குதித்தவன்தான். ஆனால் பட்டம் வேறு, பலம் வேறு. 2013-ல் நம்ம சென்னையிலேயே ஆனந்திடமிருந்து பட்டத்தை வாங்கிய கார்ல்சன், 2023-ல் தானாகவே அதை ஆடாமல் விட்டுவிட்டார். 2025 ஜூனில் நார்வேயில் குகேஷிடம் ஒரு ஆட்டம் தோற்று மேஜையைக் குத்தினார். ஆனாலும் அந்தப் போட்டியில் முதலிடம் அவருக்குத்தான்.

இத்தோடு கட்டுரையை முடித்திருப்பேன், போன வருஷம் அந்தச் சம்பவம் நடக்காமல் இருந்திருந்தால்.

பாலிடெக்னிக்குகளுக்கு இடையிலான செஸ் போட்டிக்கு ஐந்து பேர் தேவைப்பட்டார்கள். காமன் ரூமில் கால் மணி நேரத்தில் செலக்‌ஷன் முடிந்தது. கேட்ட கேள்வி ஒன்றே ஒன்று: "ஸ்கூல்ல ஆடின சர்டிஃபிகேட் யார்கிட்ட இருக்கு?" என்னிடம் ஒன்பதாம் வகுப்பில் மாவட்டப் போட்டியில் கலந்துகொண்டதற்கான தாள் ஒன்று இருந்தது. கலந்துகொண்டதற்கு மட்டும்தான். என் பெயரை எழுதிக்கொண்டார்கள்.

ஆட்டோமொபைல் இரண்டாம் ஆண்டில் ஒரு தம்பி இருக்கிறான். டே ஸ்காலர். சாயந்திரம் டூவீலர் ஒர்க்‌ஷாப்பில் வேலை, நகக்கண்ணில் எப்போதும் கிரீஸ். ஊரில் அப்பாவோடு சலூன் பெஞ்சில் உட்கார்ந்து கற்றுக்கொண்ட ஆட்டம். சாப்பாட்டு இடைவேளையில் அவனோடு பதினோரு முறை ஆடியிருக்கிறேன். நான் ஜெயித்தது இரண்டு. அவனிடம் தாள் ஏதும் இல்லை. அன்றைக்குக் கதவோரம் நின்று பார்த்துவிட்டுப் போனான். எனக்கு எல்லாம் தெரியும், வாயைத் திறக்கவில்லை.

போனேன். ஐந்து ரவுண்டில் மூன்று தோல்வி, ஒரு டிரா, ஒரு வெற்றி. திரும்பி வந்ததும் அந்தத் தம்பி, "எப்படிண்ணே ஆடினீங்க, காட்டுங்க" என்றான். காயை அடுக்கிக் காட்டினேன். பாதியில் நிறுத்தி, "இங்க குதிரைய இப்படி வெச்சிருந்தா அவனுக்கு வழியே இல்லண்ணே" என்று எடுத்து வைத்தான். குத்திக் காட்டவில்லை. ஆசையோடுதான் சொன்னான். அதுதான் எனக்கு அதிகம் வலித்தது.

அப்புறம்தான் மீர் சுல்தான் கானைப் பற்றிப் படித்தேன். பஞ்சாப் கிராமத்துக்காரர். நம் நாட்டு முறைப்படி, சிப்பாய் முதல் நகர்த்தலில் இரண்டு கட்டம் போகாத ஆட்டத்தை அப்பாவிடம் கற்றவர். சர் உமர் ஹயாத் கான் என்ற நிலக்கிழாரோடு இங்கிலாந்து போனார். 1929, 1932, 1933 என மூன்று முறை பிரிட்டிஷ் சாம்பியன்! 1930-31 ஹேஸ்டிங்ஸ் போட்டியில் அதே காபாபிளாங்காவைத் தோற்கடித்தார். பிறகு அந்த நிலக்கிழார் நாடு திரும்பினார், இவரும் திரும்பினார், சர்வதேச ஆட்டம் அதோடு முடிந்தது. 1950-ல் ஃபிடே முதல் கிராண்ட் மாஸ்டர் பட்டியலை வெளியிட்டபோது உயிரோடு இருந்தும் பெயர் இல்லை. 1966-ல் இறந்தார். கௌரவ கிராண்ட் மாஸ்டர் பட்டம் 2024-ல் வந்தது!

நண்பர்களே, பட்டியலில் இல்லாதவன் பலமில்லாதவன் இல்லை, அளக்கப்படாதவன். மீட்டர் வைக்காத கம்பியில் கரண்ட் இல்லை என்று நினைத்து யாராவது தொடுவோமா? "டிப்ளமோதானே" என்று நம்மை ஒரே வார்த்தையில் அளப்பவர்களிடம் நமக்கு எவ்வளவு கோபம் வருகிறது! அதே வேலையை நாமே நம்ம காமன் ரூமில் செய்யலாமா?

ஆனந்த் கூட வானத்திலிருந்து குதிக்கவில்லை. 1961-ல் இந்தியாவின் முதல் இன்டர்நேஷனல் மாஸ்டரான மானுவல் ஆரோன், 1972-ல் சென்னையில் சோவியத் கலாச்சார மையத்தில் தால் செஸ் கிளப்பைத் தொடங்கினார். சிறுவன் ஆனந்த் அங்கே ஆடினார், 1988-ல் இந்தியாவின் முதல் கிராண்ட் மாஸ்டரானார். இன்றைக்கு அந்த எண்ணிக்கை எண்பதைத் தாண்டிவிட்டது. முதலில் போர்டு வந்தது, அப்புறம்தான் சாம்பியன் வந்தார்.

ஆகவே நம்ம யூனியனுக்கு மூன்று வேண்டுகோள். ஒன்று, அடுத்த செலக்‌ஷன் சர்டிஃபிகேட்டை வைத்து வேண்டாம், போர்டில் வைத்து நடத்துங்கள். பெயர் கொடுக்கிற எல்லாரும் ஆடட்டும். இரண்டு, செஸ் கடிகாரம் இரண்டாவது வாங்குங்கள். மூன்று, ஒரு போர்டை பாய்ஸ் காமன் ரூமிலிருந்து எடுத்து நூலக வராண்டாவில் போடுங்கள், தங்கைகளும் வந்து உட்காரட்டும். ஹங்கேரியின் யூதித் போல்கார் பெண்களுக்கான தனிப் பட்டத்தைத் தேடிப் போகாமல் ஆண்களோடு ஆடி 2005-ல் உலகத்தில் எட்டாவது இடம் வரை வந்தார். 2002-ல் ஒரு ரேபிட் ஆட்டத்தில் காஸ்பரோவையே வென்றார். போர்டு இருக்கிற இடத்துக்கு வரவே வழியில்லை என்றால் யாருடைய பலம் எப்படித் தெரியும்?

ஃபிஷரா, காஸ்பரோவா, கார்ல்சனா என்ற சண்டை ராத்திரி பத்து மணிக்கு மேல் தாராளமாக நடக்கட்டும். ஆனால் நம்ம காலேஜில் யார் பெரியவன் என்ற கேள்விக்கு மட்டும் கட்டிலைத் தட்டிப் பதில் சொல்லாதீர்கள். போர்டை விரியுங்கள்.

அந்தத் தம்பிக்குப் பக்கத்தில் நிற்கும் முதல் ஆள் நானாக இருப்பேன். போன வருஷமே நின்றிருக்க வேண்டும்.

— இறுதியாண்டு மின்னியல் மாணவன்