ரிட்டயர் ஆனப்புறம் நாவலா? நடக்காது சாமி!

பெங்களூரில் பொட்டி தட்டும் தமிழர்கள் நாலு பேரை நிற்க வைத்து உலுக்கினால், ஒருவரிடமிருந்தாவது ஒரு நாவல் உதிரும். எழுதி முடித்த நாவல் இல்லை, எழுதப் போகிற நாவல். தலைப்பு ரெடி. யாருக்குச் சமர்ப்பணம் என்பதுகூட ரெடி :-) முதல் அத்தியாயம் எங்கே என்று கேட்டால்தான் சிக்கல். "இந்த வேலையில எங்கேங்க நேரம்? ரிட்டயர் ஆகி ஊர்ப்பக்கம் போயி, நிம்மதியா உட்கார்ந்து எழுதணும்" என்பார்.

இதில் இரண்டு பொய் இருக்கிறது. வேலையில் இருக்கிறவனால் எழுத முடியாது என்பது ஒன்று. கதை ஊரில்தான் இருக்கிறது என்பது இன்னொன்று.

முதல் பொய்க்கு இந்த ஊரே சாட்சி சொல்லும். சுஜாதா இங்கே பாரத் எலெக்ட்ரானிக்ஸில் வேலை பார்த்தவர். மின்னணு வாக்கு இயந்திரம் உருவானதில் முக்கியப் பங்கு அவருக்கு உண்டு. அந்த வேலையோடுதான் வாரப் பத்திரிகைகளுக்குத் தொடர்கதை எழுதித் தள்ளினார். பாவண்ணன் இதே பெங்களூரில் தொலைபேசித் துறையில் வேலை பார்த்துக்கொண்டே சிறுகதை, நாவல் என்று எழுதினார். போதாததற்குக் கன்னடத்திலிருந்து பைரப்பாவின் 'பருவம்' நாவலைத் தமிழுக்குக் கொண்டுவந்து, 2005ல் சாகித்திய அகாதெமியின் மொழிபெயர்ப்புப் பரிசும் வாங்கினார். நாஞ்சில் நாடன் பம்பாயில் கம்பெனி வேலையில் இருந்தபடியே 1977ல் 'தலைகீழ் விகிதங்கள்' நாவலைக் கொண்டுவந்தார். இவர்கள் யாரும் ரிட்டயர்மெண்டுக்குக் காத்திருக்கவில்லை.

"அவங்கெல்லாம் ஜீனியஸுங்க" என்று நழுவாதீர்கள். தொடர்கதை எழுதுகிறவர் தலைக்கு மேல் கெடு என்று ஒன்று தொங்கும். இந்த வார அத்தியாயம் போயே ஆகவேண்டும். அச்சான போன வாரத்து அத்தியாயத்தை நகாசு பார்க்க முடியாது. மேலே போகத்தான் வழி. நம்ம ஆள் என்ன செய்கிறார்? முதல் அத்தியாயத்தின் முதல் பாராவை ஆறு வருஷமாக இழைத்துக்கொண்டிருக்கிறார்! இன்றைக்கு நமக்குக் கெடு வைக்க ஆசிரியர் யாரும் இல்லை. நாமேதான் வைத்துக்கொள்ள வேண்டும். நாளைக்கு 250 வார்த்தை எழுதினால் 200 நாளில் 50,000 வார்த்தை. அது ஒரு நாவல். சில்க் போர்டு சிக்னலில் நிற்கிற நேரத்தில் போனில் பார்க்கிற வீடியோவைக் குறைத்தாலே பாதி தேறும். (வண்டி ஓட்டுபவர்கள் மன்னிக்கவும், நீங்கள் வீட்டுக்குப் போய் எழுதுங்கள்.) ஞாயிற்றுக்கிழமைதோறும் ஒரு அத்தியாயம் கேட்டு நச்சரிக்க ஒரு நண்பரைப் பிடித்துக்கொள்ளுங்கள். முடிக்கும்வரை திருத்தாதீர்கள். அவ்வளவுதான் ரகசியம்.

இரண்டாவது பொய் இன்னும் மோசம். இங்கே எழுத உட்காருகிற கொஞ்சம் பேரும் என்ன எழுதுகிறார்கள்? ஆற்றங்கரை, ஆலமரம், பாட்டி சுட்ட முறுக்கு. இருபத்தைந்து வருஷத்துக்கு முன்னால் விட்டுவந்த ஊர், லீவுக்குப் போகும்போது பார்த்த ஊர். சுஜாதா ஸ்ரீரங்கத்தை எழுதவில்லையா என்று கேட்பீர்கள். எழுதினார். ஆனால் அந்தத் தெருக்களின் அற்பத்தனங்களையும் சேர்த்து எழுதினார். வெறும் ஏக்கத்தை வைத்து ஒப்பேற்றவில்லை. ஆதவனைப் பாருங்கள். டெல்லியில் இருந்த காலத்தில், டெல்லித் தமிழர்களின் ஆபீஸையும் பஸ்ஸையும் போலித்தனத்தையும் 'காகித மலர்க'ளில் எழுதினார். 1987ல் சிருங்கேரியில் துங்கை ஆறு அவரைக் கொண்டுபோனபோது வயது 45தான். ரிட்டயர் ஆகட்டும் என்று அவர் இருந்திருந்தால் நமக்கு என்ன மிஞ்சியிருக்கும்?

பெங்களூரில் கதையே இல்லையா? அல்சூர் ஏரிக்கரையில் 1991ல் வைத்த திருவள்ளுவர் சிலை, 2009 ஆகஸ்ட் 9 வரை, 18 வருஷம் திறக்கப்படாமல் மூடியே கிடந்தது. தினமும் அந்த வழியாக வேலைக்குப் போன ஒரு தமிழ்க் குடும்பத்தை நினைத்துப் பாருங்கள், ஒரு நாவலுக்கான சாமான் அதிலேயே இருக்கிறது. 1991 டிசம்பர் காவிரிக் கலவரத்தில் வீட்டைப் பூட்டிக்கொண்டு ஓடியவர்கள், அவர்களைத் தன் வீட்டில் ஒளித்துவைத்த கன்னடத்துப் பக்கத்து வீட்டுக்காரர்கள்... யார் எழுதினோம்? கோலார் தங்கவயலில் 3 கிலோமீட்டருக்கும் ஆழத்தில் இறங்கி வேலை செய்தவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள். 2001ல் சுரங்கத்தை மூடினார்கள். அங்கிருந்து தினமும் ரயிலேறி பெங்களூருக்கு வேலைக்கு வருகிறவர்களின் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தால் போதும், கதை தானாக வரும்.

பேச்சு மொழியையும் தொலைத்துவிடாதீர்கள். இந்த ஊர்த் தமிழில் கன்னடம் கலந்துதான் வரும். "சும்மனே கேட்டேன், பேஜார் பண்ணிக்காதே" என்று பேசுகிற பாத்திரத்தைப் பாடப்புத்தகத் தமிழ் பேச வைத்தால் அந்த இடத்திலேயே செத்துவிடும்.

"நம்ம பசங்களுக்குத் தமிழ் படிக்கவே வராதே, யாருக்காக எழுதறது?" நியாயமான கேள்விதான். மாஸ்தி வெங்கடேச அய்யங்கார் வீட்டில் தமிழ் பேசியவர். அவரும் அரசாங்க உத்தியோகத்தில் இருந்தவர். கன்னடத்தில் எழுதி, 'சிக்கவீர ராஜேந்திர' நாவலுக்காக 1983ல் ஞானபீடம் வரை போனார். நம் பிள்ளைகளும் அவர்களுக்கு வந்த மொழியில் அவர்கள் கதையை எழுதிக்கொள்வார்கள். ஆனால் சூட்கேஸோடு மெஜஸ்டிக்கில் இறங்கி, கன்னட போர்டைப் படிக்கத் தெரியாமல் முழித்து, வாடகை வீட்டு ஓனரிடம் அரைகுறைக் கன்னடத்தில் கெஞ்சிய தலைமுறை நாம். அந்தக் கதையை நம் தமிழில் நாம்தான் எழுத முடியும். அதைக் கேட்டு எழுதிக்கொள்ளலாம் என்று நினைத்த அப்பாக்களும் மாமாக்களும் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள். அவர்கள் நம் ரிட்டயர்மெண்டுக்காகக் காத்திருக்க மாட்டார்கள்.

ஆகவே மகாஜனங்களே, ஊருக்குப் போய் எழுதுகிற கதையெல்லாம் வேண்டாம். இன்று ராத்திரி சாப்பிட்டு முடித்ததும் 250 வார்த்தை. சுமாராகத்தான் வரும், வரட்டும்.

பி.கு: "எனக்கு இன்ஸ்பிரேஷன் வரலையே" என்று பின்னூட்டம் போட நினைப்பவர்கள், அதையே 250 வார்த்தையில் எழுதவும் :-)